குமரேசன் பெயரில் நான் எழுதிய வரி

மகனே,

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்னது சரியான பதில்தான். ஆனால் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "அம்மா, நாங்க நாலு பேரும் ஒரே லாகின்லதான் சர்வருக்குள்ள போறோம். அந்த ஃபைலை யாரு காப்பி பண்ணி வச்சாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டாய். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒரே லாகின்னா முடியாது. நாலு பேர்ல யாரு வேணா பண்ணியிருக்கலாம்னுதான் வரும்" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு இன்னொரு அப்பளம் எடுத்துக்கொண்டாய். உன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மோர் எடுத்துவர எழுந்து போனேன்.

இன்று ஞாயிறு. நீ கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அப்பா மீன் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். தாளில் எழுதி உன் லேப்டாப் பைக்குள் வைக்கலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். பேனா பிடித்து வருடக்கணக்காகிறது, எழுத்து கோணிக்கொண்டு போகிறது. அதனால் மெயிலில் அனுப்புகிறேன். அம்மா அழுதுகொண்டே இதை எழுதுகிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடக்கிறேன். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனுஷி இப்படி இருக்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நீ சொன்னதை ஒருமுறை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். தப்பிருந்தால் திருத்து. உங்களுடையது கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுக்கொடுக்கும் தளம். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சாவி எல்லாவற்றையும் புரோகிராம் கோடில் எழுதாமல் சர்வரில் தனி ஃபைலில் வைத்திருக்கிறீர்கள். அதுவரை சரி. புதன்கிழமை அந்த ஃபைலில் ஒரு வரியை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றுவதற்கு முன்னால் ஜாக்கிரதையாக ஒரு நகல் எடுத்து, பெயருக்குப் பின்னால் 'பேக்' என்று ஒட்டி, அதே ஃபோல்டரில் வைத்தாய். வேலை முடிந்ததும் நகலை மறந்துவிட்டாய். அசல் ஃபைலை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று உங்கள் சர்வருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நகலைப் பற்றி யாரும் அதற்குச் சொல்லவில்லை. பிரவுசரில் அந்தப் பெயரை அடித்தவனுக்கு அது முழுசாக எடுத்து நீட்டிவிட்டது. அப்படி அடித்துப் பார்ப்பதற்கென்றே உலகத்தில் ஆட்களும் எந்திரங்களும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கெல்லாம் அந்தக் கிளினிக்குகளின் பெயரில் கண்ட கண்ட செய்தி போயிருக்கிறது.

அந்த வாரம் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் முறை நஸ்ரினுடையது. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆன பெண், இன்னும் நிரந்தரம் ஆகாதவள். அதனால் நாளைக் காலை பத்து மணிக்கு அவளைத்தான் உட்காரவைத்துக் கேட்கப் போகிறார்கள். தனக்குத் தெரியாது என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்குத் தெரியும். நீ சும்மா இருக்கிறாய். சும்மா இருந்தால் மாட்டிக்கொள்ள மாட்டாய் என்று உனக்கு உறுதி கொடுத்தது நான்.

போன மழையில் தாம்பரத்தோடு ரயில் நின்றுபோய், நஸ்ரின் செங்கல்பட்டு போக முடியாமல் நம் வீட்டுக்கு வந்தாளே, அது உனக்கு நினைவிருக்கும். என் நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, "ஆன்ட்டி, எனக்கு சர்வர்னா என்னன்னே தெரியாது. எல்லாம் இவன் சொல்லிக்குடுத்ததுதான்" என்று உன்னைக் காட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எதையும் திருத்துவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுக்காமல் விட்டதும் நான்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். உனக்குக் குமரேசனை நினைவிருக்கிறதா? நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் அலுவலகத்தின் குடும்ப விழாவுக்கு வந்தாய். ஒல்லியாக ஒரு பையன், சுருட்டை முடி, உன்னைப் பார்த்ததும் சிரித்து, "தம்பி, உன் பேரைத்தான் நான் தினம் பத்து தடவை டைப் பண்றேன்" என்றான். உனக்குப் புரியவில்லை. எங்கள் டேட்டாபேஸின் பாஸ்வேர்டே உன் பெயரும் பிறந்த தேதியும்தான். நான்தான் வைத்தேன். பிள்ளை பெயரைப் பாஸ்வேர்டாக வைக்காத அம்மா எங்கள் அலுவலகத்திலேயே கிடையாது. ஊருக்கே தெரிந்த ரகசியம் அது. அப்போது அது தவறு என்றுகூட எங்களுக்கு உறைக்கவில்லை.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கான தளம். முடிவுகளை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு முந்தின கடைசி வேலை நாளில் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் துணிப்பையோடுதான் வருவார்கள். மூன்று மணியிலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். சிறுசேரியிலிருந்து பெருங்களத்தூர் போய்ச் சேருவதற்கே இரண்டு மணி நேரம் ஆகும், அப்புறம் பஸ் கிடைக்க வேண்டும். அன்றைக்கே தளத்தைப் புது சர்வரில் ஏற்றிவிட வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தார். ஏற்றினோம், ஓடவில்லை. பாஸ்வேர்டைக் கோடில் எழுதாமல் சர்வரின் சூழலில், அதுதான் நீங்கள் என்விரான்மென்ட் வேரியபிள் என்கிறீர்களே, அதில் வைத்து அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தோம். புது சர்வரில் அதை யாரும் வைக்கவில்லை. வைக்க உரிமை உள்ள ஒரே ஆள் இரண்டரை மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு போயாயிற்று. போன் அடித்தால் எடுக்கவில்லை.

குமரேசனின் கம்ப்யூட்டரில்தான் எல்லா இணைப்பும் இருந்தது. அவன் திண்டிவனம் பக்கம். அம்மா தனியாக இருக்கிறார். மணியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நெளிந்துகொண்டிருந்தான். நாலு மணிக்கு, "நீ கெளம்பு, நான் பாத்துக்கறேன்" என்று அவனை அனுப்பிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் முட்டி மோதிப் பார்த்தேன். எனக்கும் வீட்டுக்கு வர வேண்டும். கரும்பு வாங்கவில்லை, உனக்குச் சட்டை வாங்கவில்லை. கடைசியில் பாஸ்வேர்டை நேராகக் கோடிலேயே ஒரு வரியாக எழுதி ஏற்றிவிட்டேன். இப்போதைக்கு இருக்கட்டும், வந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தளம் ஓடியது. கேட்டில் செக்யூரிட்டி, "இன்னாமா, இன்னும் போவலையா? பெருங்களத்தூர்ல வண்டி நவுரவே இல்லியாம், எல்லாம் ரோட்லயே நின்னுகினு கீது" என்றார். சிரித்துவிட்டு வந்தேன்.

விடுமுறை முடிந்து வந்ததும் சர்வரில் வைக்க வேண்டியதை வைக்கச் சொல்லி, அந்த வரியை என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். கோடில் ஒரு வரியை அழித்தால் அது அழிவதில்லை என்று எனக்குத் தெரியாமலா இருக்கும்? யார், எந்த நாளில், எதை எழுதினார், எதை எடுத்தார் என்று வரலாறு முழுக்க அதிலேயே கிடக்கும். உடனே பாஸ்வேர்டையே மாற்றியிருக்க வேண்டும். மாற்றினால் அதைப் பயன்படுத்தும் ஏழெட்டு இடங்களில் மாற்ற வேண்டும், எல்லாருக்கும் சொல்ல வேண்டும், ஏன் மாற்றுகிறோம் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மாற்றவில்லை. சோம்பல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ ஏழாவது படிக்கும்போது குரோம்பேட்டையிலிருந்து வரும் ரயிலில் வீட்டுச் சாவியைத் தொலைத்தாய். சாவிக்கொத்தில் நம் விலாசம் எழுதிய அட்டை வேறு தொங்கியது. இரண்டு நாள் கழித்து ஒரு நல்ல மனுஷர் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, நேரே கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்தார். "சாவிதான் கெடைச்சுடுச்சே, எதுக்கு தண்டமா?" என்று நான் சிரித்தேன். "ரெண்டு நாள் எவன் எவன் கையில இருந்துச்சோ, உனக்குத் தெரியுமா?" என்றார். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிற மனிதர். வைஃபை பாஸ்வேர்டைக் காலண்டரில் எழுதி மாட்டுகிறார் என்று அவரை நாம் கேலி செய்கிறோம். நான் செய்யத் தவறியதை அவர் அதற்கு இரண்டு வருடம் முன்பே வீட்டில் செய்து காட்டியிருந்தார்.

எட்டு மாதம் கழித்து அந்தத் தளத்தைப் பராமரிக்க இன்னொரு நிறுவனத்திடம் கோடை ஒப்படைத்தார்கள். அங்கே யாரோ அதை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஏற்றிவிட்டார்கள். வரலாற்றைத் தோண்டி எடுத்தவனுக்கு உன் பெயர் கிடைத்தது. பரிசோதனை முடிவுகள் சில நாள் திறந்து கிடந்தன. உதவி எண்ணில் கூப்பிட்ட ஒரு பெண் சத்தம்கூடப் போடவில்லை, "என் ரிப்போர்ட்டை யார் யார் பாத்தாங்கன்னு மட்டும் சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். அந்த அழைப்பை எடுத்தவன் குமரேசன். என்ன சொல்வது என்று போனைப் பொத்திக்கொண்டு என்னைக் கேட்டான்.

விசாரணை வந்தது. வரலாற்றில் என்ன இருந்தது தெரியுமா? அவன் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றியதால், பாஸ்வேர்டை எழுதியவர் குமரேசன். அதைப் பார்த்து நீக்கியவர் நான். மேலாளர் என்னிடம், "நல்ல வேளை, நீங்களாவது கவனிச்சு எடுத்தீங்க" என்றார். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் வெளியே போன பாஸ்வேர்ட் என்று உன் பெயர் அச்சாகியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டில் அட்டை தேய்த்த பதிவுகளை ஆறு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை, அதனால் அவன் எத்தனை மணிக்கு வெளியே போனான் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே சாட்சி நான். லிஃப்டுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டான். "அக்கா, அன்னிக்கு நான் நாலு மணிக்கே கெளம்பிட்டேன்ல? நீங்கதானே என் சீட்ல உக்காந்தீங்க?"

"ஞாபகம் இல்லப்பா. ரொம்ப நாளாச்சு" என்றேன்.

அவன் லிஃப்டுக்குள் போய்விட்டான். அந்த மாதக் கடைசியில் அவனிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்பாய். அப்போது என்னை டீம் லீடாகப் போடுவதாகப் பேச்சு இருந்தது. பண்டிகைக்கு வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு பொம்பளை செய்த வேலை என்று பேசுவார்கள், இனி எந்தப் பெண்ணையும் அந்த இடத்தில் போட மாட்டார்கள் என்று நினைத்தேன். இது காரணம்தான், நியாயம் இல்லை. லீடாகப் போட்டார்கள். நீ பள்ளிக்கூடம் முழுக்கச் சாக்லேட் கொடுத்தாய்.

போன வருடம் ஆதாரில் முகவரி மாற்றுவதற்காக மேற்குத் தாம்பரத்தில் ஓர் இன்டர்நெட் சென்டருக்குப் போனேன். உள்ளே குமரேசன். அவனுடைய கடைதான். முடி கொட்டிவிட்டது. "வாங்கக்கா, உக்காருங்க" என்று ஃபேனை என் பக்கம் திருப்பினான். பழைய பேச்சு ஒன்றுமில்லை. நான் பாஸ்வேர்ட் அடிக்க வேண்டிய இடம் வந்ததும் கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கடைக்கு வருகிற எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறான், நான் பார்த்தேன். ஒரு கிழவர், "நீயே போடுப்பா, எனக்குத் தெரியாது" என்று சொன்னபோதுகூட, "நீங்களே மெதுவா அடிங்க தாத்தா, நான் பாக்கல" என்றான். வெளியே வந்து இரண்டு தெரு நடந்தேன். அன்றைக்கும் அழுகை வரவில்லை.

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததை உனக்குச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல நேரம் வாய்க்காமல் போகலாம். ரகசியத்தைக் கோடில் எழுதாதே, வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, பிழை தேடும்போது திரையில் அச்சிட்டுப் பார்க்காதே. சோதனை சர்வருக்கு வேறு, நிஜ சர்வருக்கு வேறு வை. வெளியே போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் தேடுவதற்கு முன்னால், அழிப்பதற்கு முன்னால், முதலில் மாற்று. வெள்ளிக்கிழமை உங்கள் ஆட்கள் குறுஞ்செய்திச் சாவியை மட்டும் மாற்றினார்கள் என்றாய். அந்த ஃபைலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் இருந்ததே, அதை மாற்றினார்களா? அந்த நகலில் என்னென்ன இருந்தது என்று சரியாகத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீ வாயைத் திறக்காதவரை அது திறந்தே கிடக்கும். நாலு பேருக்கு ஒரு லாகின் வைத்துக்கொள்ளாதீர்கள். சௌகரியமாகத்தான் இருக்கும். மாட்டுகிறவன் மாட்டுவான், மற்ற மூன்று பேர் அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள்.

நான் தூங்கினேன் என்பதுதான் விஷயம். குற்ற உணர்ச்சியில் புரண்டு புரண்டு படுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பொய். முதல் ஒரு மாதம் கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பழகப் பழக மற்றதெல்லாமும் மரத்துவிட்டது. உனக்கு வேலை கிடைத்த அன்று அப்பா தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தார், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "உனக்கு சந்தோஷமே இல்லையாம்மா?" என்று கேட்டாய். இருந்திருக்க வேண்டும். நேற்று உன் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்தபோது, இவன் நாளைக்கே இதற்குப் பழகிவிடுவான் என்று தெரிந்தது. அப்போது மட்டும் உள்ளே ஏதோ கிள்ளியது. பயம்தான் அது. பல வருடங்களில் எனக்கு முதல் தடவையாக வந்த பயம்.

அதனால் கொஞ்ச நேரம் முன்னால், இதுவரை எழுதியதில் என்னைப் பற்றிய பகுதியை இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டேன். ஒருவர் என் மேலாளர். இன்னொருவர் குமரேசன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான், ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய், இதை யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டுமானாலும் தயார் என்று சொல்லியிருக்கிறேன். என் வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை. அப்பாவுக்கு மீன் குழம்பு முடிந்ததும் சொல்கிறேன். அந்த இரண்டு நகல்களிலும் உன்னைப் பற்றியும் நஸ்ரினைப் பற்றியும் ஒரு வார்த்தைகூட இல்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அதைச் சொல்ல வேண்டியவன் நீ. நாளைக் காலை பத்து மணிக்கு அவள் அந்த அறைக்குள் போவதற்கு முன்னால் நீ போய்ச் சொல்லிவிடு என்று எழுதி முடிக்கத்தான் நினைத்திருந்தேன்.

இப்போது குமரேசனிடமிருந்து பதில் வந்திருக்கிறது. இரண்டே வரி. "படிச்சேன்க்கா. நான் பண்ணலன்னு சொன்னப்போ எங்கம்மா நம்பவே இல்ல, போன மாசம் போயிட்டாங்க."

நாளை வரை காத்திருக்காதே. நஸ்ரினும் இன்றைக்கு அவள் வீட்டில் 'நான் பண்ணல' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள். இப்போதே அவளுக்குப் போன் செய்.

அம்மா